க்ளோசிங்குக்கு முன் வில்லங்கம் பார்ப்பது: ஆஃப்ஷோர் நிதி ஒப்பந்தங்களில் பதிவேட்டுத் தேடலும் நிறுவன நிலைச் சரிபார்ப்பும்

கடன் வாங்கும் நிறுவனம் கேமன் தீவுகளிலோ பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளிலோ பதிவானதாக இருந்தால், க்ளோசிங்கில், அதாவது ஒப்பந்தம் நிறைவேறிப் பணம் கைமாறும் கட்டத்தில், பணத்தை விடுவிக்கும் முன் வங்கி மூன்று கேள்விகளைக் கேட்கும். அந்த நிறுவனம் இன்றும் பதிவேட்டில் இருக்கிறதா? அதை மூடிக் கலைக்கக் கோரும் கலைப்பு மனு எந்த நீதிமன்றத்திலாவது நிலுவையில் உள்ளதா? அது பிணையமாகத் தரும் சொத்தின் மீது வேறு எவருக்காவது முந்திய உரிமை உண்டா? இம்மூன்றுக்கும் ஒரே அலுவலகத்தில் விடை கிடைப்பதில்லை. கிடைக்கும் ஒவ்வொரு விடையும், குறிப்பிட்ட ஒரு புத்தகத்தில் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் புத்தகம், எந்தப் பெயரில், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் விடாமல் கேட்கப் பழகியவர் இந்த வேலையில் பெரும்பாலும் தவறுவதில்லை.

பெயர்களில் தொடங்குங்கள்

தேடலுக்கு உள்ளூர் வழக்கறிஞரிடம் கோரிக்கை அனுப்பும் முன், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முழுப் பெயர், பதிவு எண், முன்னாள் பெயர்கள், பதிவு அலுவலகம், நிறுவன வகை ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இந்த விவரங்களை, குழும நிறுவனங்களின் உறவைக் காட்டும் கட்டமைப்பு வரைபடத்திலிருந்து எடுக்கக் கூடாது. பதிவுச் சான்றிதழின் நகலிலிருந்து எடுக்க வேண்டும். வரைபடங்கள் பேச்சுவார்த்தையின்போது அவசரத்தில் வரையப்படுபவை. சுருக்கப் பெயர்களும் பழைய பெயர்களும் அவற்றில் அப்படியே தங்கிவிடும்.

ஒரு முறை எங்களுக்கு வந்த தேடல் அறிக்கை, வழக்கும் இல்லை, பிணையமும் இல்லை என்று மிகத் தெளிவாக இருந்தது. அதைக் கோப்பில் சேர்க்கும்போதுதான் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் வேறாக இருப்பதைக் கவனித்தேன். கடன் வாங்கும் நிறுவனத்தின் பெயர் ரோமன் எழுத்தில் இரண்டு என்று முடிந்தது. தேடப்பட்ட நிறுவனமோ அதே குழுமத்தைச் சேர்ந்தது, சாதாரண எண்ணில் 2 என்று முடிவது. இரண்டும் உண்மையிலேயே பதிவேட்டில் இருந்த நிறுவனங்கள் என்பதால் தேடியவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. அன்றிலிருந்து எண் இல்லாமல் நான் எந்தத் தேடலையும் கோருவதில்லை.

நீதிமன்றப் பதிவேடுகளில் எண்ணை வைத்துத் தேட முடியாது. அங்கே பெயர்தான் வழி. ஆகவே பெயர் மாறிய நிறுவனமாக இருந்தால் பழைய பெயரிலும் தேட வேண்டும். பழைய பெயரில் தொடரப்பட்ட வழக்கு பழைய பெயரிலேயே பதிவாகியிருக்கும். சீன எழுத்துகளில் இரண்டாம் பெயர் வைத்துக்கொள்ளவும் கேமன், பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளின் சட்டங்கள் இடம் தருகின்றன. அப்படி ஒன்று இருந்தால் அதையும் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

நிறுவன வகையைப் பார்ப்பது இன்னும் முக்கியமானது. கேமனின் எக்ஸெம்ப்டட் லிமிடெட் பார்ட்னர்ஷிப் என்ற கூட்டாண்மை வகைக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது; சட்டத்தின் கண்ணில் அது தனி நபர் அல்ல. அதன் சார்பில் ஒப்பந்தம் செய்வதும் சொத்தை வைத்திருப்பதும் அதை நடத்தும் கூட்டாளியான ஜெனரல் பார்ட்னர்தான். முதலீட்டு நிதிகளுக்குக் கடன் கொடுக்கும் ஒப்பந்தங்களில் இது அன்றாடம் எதிர்ப்படும் நிலைமை. பார்ட்னர்ஷிப்பின் பெயரில் மட்டும் தேடிவிட்டு ஜெனரல் பார்ட்னரை விட்டுவிடுவது, வீட்டைச் சோதித்துவிட்டு வீட்டுக்காரரை விசாரிக்காமல் திரும்புவதற்குச் சமம். ஜெனரல் பார்ட்னரே இன்னொரு பார்ட்னர்ஷிப்பாக இருந்தால், தனிச் சட்ட ஆளுமை கொண்ட ஒரு நிறுவனம் கிடைக்கும் வரை மேலே ஏறிச் செல்ல வேண்டும். அறக்கட்டளை சம்பந்தப்பட்டிருந்தால் தேடல் அறங்காவலர் நிறுவனத்தின் மீது நடக்க வேண்டும்.

குட் ஸ்டாண்டிங் சான்றிதழ் எதைச் சொல்கிறது

நிறுவனம் நல்ல நிலையில் இருப்பதாகப் பதிவாளர் தரும் இந்தச் சான்றிதழைப் பார்த்ததும் கடன் கொடுப்பவருக்கு ஏற்படும் நிம்மதி, பெரும்பாலும் அதற்குத் தகுதியானதைவிட அதிகம். கேமன் கம்பெனிகள் சட்டத்தின்படி, கட்டணங்களும் அபராதங்களும் செலுத்தப்பட்டு, சட்டத்தை நிறுவனம் மீறியிருப்பதாகப் பதிவாளருக்குத் தெரியாமல் இருந்தால், அந்த நிறுவனம் நல்ல நிலையில் இருப்பதாகக் கருதப்படும். கடனைத் திருப்பிக் கட்டும் வலிமையைப் பற்றியோ வழக்குகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இராது.

பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளின் சான்றிதழ் சற்றுக் கூடுதலாகப் பேசும். நிறுவனம் பதிவேட்டில் இருக்கிறது, கட்டணங்களைச் செலுத்தியிருக்கிறது என்பவற்றோடு, வேறொரு நிறுவனத்தோடு இணைவதற்கான ஆவணங்கள் ஏதேனும் பதிவாளரிடம் வந்துள்ளனவா, நிறுவனம் தன்விருப்பக் கலைப்பில் உள்ளதா, பெயர் நீக்க நடவடிக்கை தொடங்கியுள்ளதா என்பவற்றையும் அது குறிப்பிடும். பெர்முடாவில் இதே வேலையைச் செய்யும் ஆவணத்தின் பெயர் சர்டிபிகேட் ஆஃப் கம்ப்ளையன்ஸ். மொரீஷியஸில் சர்டிபிகேட் ஆஃப் கரன்ட் ஸ்டாண்டிங். பணம் விடுவிக்கும் முன் வர வேண்டிய ஆவணங்களைச் சொல்லும் முன்நிபந்தனைப் பட்டியலை வரையும்போது எல்லா நாட்டுக்கும் ஒரே பெயரை எழுதிவிட்டால், க்ளோசிங் அன்று யாராவது ஒருவர் “இந்த ஆவணம் எங்கே?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

சான்றிதழைக் கோரும் காலத்தையும் கவனிக்க வேண்டும். கேமன் நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணத்தை ஜனவரியில் செலுத்த வேண்டும். மார்ச் 31க்குப் பின் அபராதம் சேரத் தொடங்கும். பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் ஆண்டின் முதல் பாதியில் பதிவான நிறுவனங்களுக்கு மே 31, இரண்டாம் பாதியில் பதிவானவற்றுக்கு நவம்பர் 30 கெடு. ஜூன் முதல் வாரத்தில் க்ளோசிங் என்றால், மே மாதம் 20ஆம் தேதி வாங்கிய சான்றிதழை நம்பியிருக்க முடியாது. கெடு முடிந்த பின் கட்டணம் கட்டப்பட்டதா என்று புதிதாகக் கேட்டாக வேண்டும்.

இந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பெயர் நீக்கப்பட்ட நிறுவனம் ஏழு ஆண்டுகள் வரை அரைத்தூக்கத்தில் கிடந்து, கட்டணம் செலுத்தி மீண்டும் எழுந்துவிடலாம். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களுக்குப் பின், பெயர் நீக்கமும் நிறுவனத்தின் முடிவும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கலைந்துபோன நிறுவனத்தின் எஞ்சிய சொத்து அரசுடைமையாகும். ஐந்து ஆண்டுகளுக்குள் மீட்டெடுக்க வழி உண்டு என்றாலும், பிணையம் தரும் நிறுவனமே சட்டப்படி இல்லாத நாளில் எழுதிய பிணைய ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வங்கியும் அந்த வழியில் நடக்க விரும்பாது.

நீதிமன்றப் பதிவேடு

கேமனில் அந்நாட்டு உயர் நீதிமன்றமான கிராண்ட் கோர்ட்டின் ரிட் மற்றும் தொடக்க நடவடிக்கைகளின் பதிவேட்டில் தேட வேண்டும். கலைப்பு மனு தாக்கலாகியுள்ளதா என்பதே முதன்மையாகத் தேடப்படுவது. கேமன் கம்பெனிகள் சட்டத்தின் 99, 100ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் காரணம் விளங்கும். நீதிமன்றம் பின்னர் கலைப்பு ஆணை பிறப்பித்தால், கலைப்பு பெரும்பாலும் மனு தாக்கலான நாளிலேயே தொடங்கியதாகக் கருதப்படும்; அந்த நாளுக்குப் பின் நிறுவனம் தன் சொத்தைக் கைமாற்றியிருந்தால், நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிடாத வரை, அந்தக் கைமாற்றம் செல்லாது. மனு தாக்கலானதற்கு மறுநாள் நீங்கள் வாங்கிய பிணையம், மூன்று மாதம் கழித்து வரும் ஆணையால் காலடியிலிருந்து நழுவலாம் என்பது இதன் பொருள்.

2022 ஆகஸ்ட் 31 முதல் கேமனில், கடனில் சிக்கிய நிறுவனத்தைச் சீரமைக்க நீதிமன்றம் நியமிக்கும் மறுசீரமைப்பு அதிகாரி என்ற ஏற்பாடும் உள்ளது. அதற்கான மனு தாக்கலானவுடனேயே நிறுவனத்தின் மீதான வழக்குகளுக்குத் தானாகவே தடை விழும். பிணையம் பெற்ற கடனளிப்பவர் தம் பிணையத்தை நடைமுறைப்படுத்த அந்தத் தடை குறுக்கே நிற்காது என்றாலும், அப்படியொரு மனுவை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் புதுக் கடன் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. ஆகவே கலைப்பு மனுவோடு இதையும் சேர்த்துத் தேடும்படி கோரிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் கிழக்குக் கரீபிய உச்ச நீதிமன்றத்தின் கீழ் இயங்கும் உயர் நீதிமன்றப் பதிவகத்திலும், பெர்முடாவில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் காஸ் புக் என்ற பதிவேட்டிலும் தேடல் நடக்கும். ஜெர்சியின் வழி தனியானது: அங்கே திவால் நிலையை அறிவிக்கும் டெஸாஸ்த்ர் என்ற நடைமுறை, வைகவுண்ட் என்ற நீதிமன்ற அதிகாரியின் அலுவலகப் பொறுப்பில் இருப்பதால், நிறுவனப் பதிவகத்தைத் தாண்டி அந்த அலுவலகத்திலும் விசாரித்தாக வேண்டும்.

இந்தத் தேடல்களின் கண்ணில் படாதவை பல. தாக்கல் செய்யப்பட்டும் பதிவேட்டில் இன்னும் ஏறாத மனு, நீதிமன்றம் முத்திரையிட்டு மூடிவைத்த கோப்பு, நடுவர் மன்ற வழக்கு, வேறு நாட்டு நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, கடன் ஆவணத்தின் அதிகாரத்தில் நீதிமன்றத்துக்குப் போகாமலே பிணையச் சொத்தைக் கைப்பற்ற நியமிக்கப்பட்ட ரிசீவர் ஆகியவை அறிக்கையில் வராமல் போகலாம். இதனால்தான் உள்ளூர் வழக்கறிஞரின் சட்டக் கருத்துரை, “தேடல்களை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு” என்ற சொற்களோடு இந்தப் பகுதியைத் தொடங்குகிறது. அந்த இடைவெளியை அடைப்பவை இயக்குநரின் சான்றுரையும் கடன் ஒப்பந்தத்தில் உள்ள உறுதிமொழிகளுமே. அவற்றை வழக்கமான வாசகங்கள் என்று ஒதுக்காமல் வாசியுங்கள்.

பிணையப் பதிவேடு: நாட்டுக்கு நாடு வேறுபடும் இடம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரே சொல்லால் அழைக்கப்படும் பதிவேடு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்ட விளைவைக் கொண்டிருக்கிறது.

பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் நிறுவனம் தன் சொத்தின் மீது உருவாக்கிய பிணையத்தை, 2004ஆம் ஆண்டின் பிசினஸ் கம்பெனிகள் சட்டம், 163ஆம் பிரிவின் கீழ் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் முன்னுரிமை பதிவைப் பொறுத்தே அமைகிறது. அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். பெர்முடாவிலும் பதிவாளரிடம் உள்ள பொதுப் பதிவேடும், பதிவு நாளைப் பொறுத்த முன்னுரிமையும் உண்டு. இவ்விரு நாடுகளிலும் தேடல் அறிக்கையில் ஒரு பிணையம் தெரிந்தால் அது உங்களுக்கு முன்னால் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேமனில் இப்படிப்பட்ட பொதுப் பதிவேடு இல்லை. கேமன் கம்பெனிகள் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் அடமானம் மற்றும் பிணையங்களின் பதிவேட்டைத் தன் பதிவு அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். உறுப்பினர்களும் கடன் கொடுத்தவர்களும் அதைப் பார்வையிடலாம். அதில் எழுதப்படாததால் பிணையம் செல்லாமல் போவதில்லை. எழுதப்பட்டதால் முன்னுரிமையும் கிடைப்பதில்லை. ஆகவே வெற்றுப் பதிவேட்டின் நகல் ஒன்று, நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட செய்தியாக மட்டுமே மதிக்கத்தக்கது. என் பார்வையில், கேமன் நிறுவனம் ஒன்றிடமிருந்து பிணையம் வாங்கும்போது பதிவேட்டுக்குச் செலவிடும் நேரத்தைவிட, அதன் கடைசித் தணிக்கைக் கணக்கில் கடன்களைப் பற்றிய குறிப்புகளைப் படிக்கச் செலவிடும் நேரம் பயனுள்ளது.

ஜெர்சியில் 2014 ஜனவரி 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிணைய உரிமைகள் சட்டம், இணையத்தில் தேடக்கூடிய ஒரு பதிவேட்டை உருவாக்கியது. ஆனால் 1983ஆம் ஆண்டின் பழைய சட்டப்படி அதற்கு முன் உருவான பிணையங்கள் அதில் இல்லாமல் இருக்கலாம். நீண்ட நாள் வாழ்ந்த நிறுவனமானால் இதைத் தனியாகக் கேட்க வேண்டும். கர்ன்ஸியில் அசையும் சொத்தின் மீதான பிணையத்துக்குப் பொதுப் பதிவேடே கிடையாது. மொரீஷியஸில் பிணையங்கள் ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் அலுவலகத்தில் பதியப்படுவதால், நிறுவனப் பதிவாளரிடம் மட்டும் தேடிவிட்டுத் திரும்பினால் முக்கியமான பாதி விடுபட்டுவிடும்.

பங்குப் பிணையத்தில் இன்னொரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்குகளை அதன் தாய் நிறுவனம் அடகு வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பங்குகள் ஏற்கனவே அடகில் உள்ளனவா என்று அறிய, பங்கு வெளியிட்ட நிறுவனத்தின் பிணையப் பதிவேட்டைத் தேடிப் பயனில்லை. பங்குகள் தாய் நிறுவனத்தின் சொத்து. ஆகவே தாய் நிறுவனம் பதிவான நாட்டின் பிணையப் பதிவேட்டையும், பங்கு வெளியிட்ட நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில் பிணையத்தைப் பற்றிய குறிப்பு எழுதப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நிறுவனம் வேறொரு நாட்டில் கிளை வைத்திருந்தால் அங்கும் தேடல் தேவைப்படலாம். எடுத்துக்காட்டாக, ஹாங்காங்கில் வெளிநாட்டு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்ட கேமன் நிறுவனம், அங்குள்ள சொத்தின் மீது உருவாக்கும் பிணையங்களில் சட்டம் குறிப்பிடும் வகைகளை ஹாங்காங் நிறுவனப் பதிவகத்தில் ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.

நிறுவனத்தின் சொந்தப் புத்தகங்கள்

பதிவு முகவரிடமிருந்து வாங்கும் இன்கம்பென்ஸி சான்றிதழ், இயக்குநர்கள் யார், பங்குதாரர்கள் யார், பிணையப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். அதைத் தனியாகப் படிக்காமல் இயக்குநர் பதிவேட்டோடும் குழுத் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்மானத்தின் தேதிக்கு இரண்டு நாள் முன்பே விலகிய ஒருவர் அதில் கையெழுத்திட்டிருப்பது நடக்காத காரியமன்று. சங்க விதிகளில் கடன் வாங்கவோ பிணையம் தரவோ வரம்பு உள்ளதா, ஒரு குறிப்பிட்ட வகைப் பங்குதாரரின் ஒப்புதல் தேவையா என்பதையும் இதே அமர்வில் பார்த்துவிடலாம். உரிமம் பெற்று இயங்கும் நிறுவனமானால் ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலிலும், எல்லா நிறுவனங்களுக்கும் பொருளாதாரத் தடைப் பட்டியல்களிலும் பெயர் பார்க்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தின் தடைச் சட்டங்கள் அதன் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளிலும் செல்லும்.

எத்தனை மணிக்கு

தேடலை இரண்டு முறை செய்வது நல்லது. முதலாவது, க்ளோசிங்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு. பழைய வங்கியின் பிணையம் நீக்கப்படாமல் கிடக்கிறது என்பது போன்ற செய்திகள் அப்போதே தெரிந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும். இரண்டாவது, பணம் கைமாறுவதற்கு எவ்வளவு நெருக்கத்தில் முடியுமோ அவ்வளவு நெருக்கத்தில்.

“க்ளோசிங் நாள் காலையில் தேடல்” என்று ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு க்ளோசிங் என்று கொள்ளுங்கள். அப்போது கேமனில் ஞாயிறு இரவு 9 மணி. பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் இரவு 10. உங்கள் கையில் இருக்கக்கூடிய மிகப் புதிய தேடல் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடும்போது எடுத்ததுதான். அதே க்ளோசிங்கைச் செவ்வாய்க்குத் தள்ளினால் திங்கட்கிழமை முழு வேலை நாளும் தேடலுக்குள் வந்துவிடும். ஆசியாவில் க்ளோசிங் நடத்துபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முடிந்தவரை திங்களைத் தவிருங்கள், அந்தத் தீவுகளின் பொது விடுமுறை நாட்களை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

தேடலில் ஏதேனும் தட்டுப்பட்டால்

பெயர் ஒற்றுமையால் மட்டும் வந்த வழக்கு என்றால், வழக்கின் ஆவணத்தை வாங்கிப் பார்த்து, பிரதிவாதி வேறு நிறுவனம் என்று உள்ளூர் வழக்கறிஞர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும்; தொலைபேசியில் சொன்னால் போதாது. சாதாரணப் பணக் கோரிக்கை வழக்கு என்றால் தொகையையும் கடன் ஒப்பந்தத்தின் வரம்பையும் ஒப்பிட்டு, ஒப்பந்த வெளிப்படுத்தல் பட்டியலில் சேர்த்து முன்னேறலாம். கலைப்பு மனு என்றால் பணம் விடுவிக்கப்படக் கூடாது. “மனுதாரரோடு சமரசமாகிவிட்டது” என்று நிறுவனம் சொன்னாலும், மனு தள்ளுபடி ஆனதற்கான நீதிமன்ற உத்தரவின் நகல் வரும் வரை காத்திருக்க வேண்டும். தொடங்கிய மனுவில் வேறொரு கடன்காரர் மனுதாரரின் இடத்துக்கு வர நீதிமன்றம் அனுமதிக்கக்கூடும் என்பதால், முதல் மனுதாரரின் சமரசம் மட்டும் கதையை முடிப்பதில்லை.

பழைய பிணையம் தெரிந்தால் வேலை இரண்டு: பழைய வங்கியின் விடுவிப்புப் பத்திரமும், பதிவேட்டிலிருந்து அதை நீக்குவதற்கான அறிவிப்பும். முதலாவது க்ளோசிங் மேசையிலேயே முடிந்துவிடும். இரண்டாவதைத் தாக்கல் செய்வது யார், எந்த நாளுக்குள் என்று எவரும் எழுதிவைக்காததால் ஆண்டுக்கணக்கில் பதிவேட்டிலேயே தங்கிவிட்ட பிணையங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பொறுப்பாளரின் பெயரோடு அதை க்ளோசிங் பட்டியலில் தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

க்ளோசிங் முடிந்த பின்னும் ஒரு தேடல் பாக்கி இருக்கிறது. பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளிலோ பெர்முடாவிலோ உங்கள் பிணையத்தைப் பதிவு செய்த பின், பதிவேட்டின் புதிய நகலை வாங்கி, உங்கள் பிணையத்துக்கும் முந்தைய தேடலுக்கும் இடைப்பட்ட நாட்களில் வேறெவரும் நுழையவில்லை என்று பார்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழையும் அந்த நகலையும் இரண்டாம் தேடலின் அறிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள்.